பட்டன் போன் மட்டுமே உள்ள வீட்டில் கடைக்குக் கடை விலையை ஒப்பிடுவது எப்படி?

மவுசாகலை மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றுவிட்டாலும், ஐந்து பேர் கொண்ட அந்த வீட்டின் சாமான் செலவை இன்றும் அவரே பார்த்துக்கொள்கிறார். தம்பியும் அவன் மனைவியும் காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். அதனால் எதை எங்கே வாங்குவது என்பது முழுக்க அம்மாவின் தீர்மானம்தான். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். தமிழ் வாசிப்பார், கணக்கில் கெட்டிக்காரி.

அவருக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது தோட்டத்துக் கடை. அங்கே பற்றுக்கு வாங்கி, 10ஆம் திகதி சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். இரண்டாவது மஸ்கெலியா டவுனில் உள்ள கடைகள். மூன்றாவது அட்டன், அங்கே அரசாங்கக் கடையான சதொசவும் சுப்பர் மார்க்கெட்டுகளும் இருக்கின்றன, ஆனால் தோட்டத்திலிருந்து நடந்து வந்து பஸ் ஏறினால் போக மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். சென்ற மாதம் மைசூர் பருப்பு அட்டனில் மலிவு என்று ஒருவர் சொன்னதை நம்பி அம்மா போய் வந்தார். பருப்பில் மிச்சமான காசைவிட பஸ்ஸுக்குக் கொடுத்த காசு அதிகம் என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். சுப்பர் மார்க்கெட்டுகளின் விலைகளை இணையத்தில் பார்த்து அம்மாவுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் இங்கே நான் பார்க்கும் விலைகள் அம்மா வாங்கும் சாமானோடு பொருந்துவதில்லை; அவர் வாங்குவதில் பாதி, மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் சாமான். ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுங்கள் என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. கையில் கொப்பியும் பேனையும் மட்டும் இருக்கும் ஒருவர் விலைகளை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க என்ன முறை இருக்கிறது?


பழைய கணக்கப்பிள்ளை, தலவாக்கலை:

தங்கச்சி, முப்பது வருடம் கொழுந்து நிறையும் பேரும் எழுதிய கை என்பதால் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. கொப்பியும் பேனையும் தாராளமாகப் போதும், ஆனால் கொப்பியை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கடைக்கு ஒரு பக்கம் வைத்து, அந்தக் கடையில் வாங்கிய எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவார்கள். அது செலவுக் கணக்குக்கு உதவும், ஒப்பிட உதவாது. சாமானுக்கு ஒரு பக்கம் வையுங்கள். பருப்புப் பக்கத்தில் திகதி, கடை, அளவு, கொடுத்த விலை, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று ஐந்து கோடுகள் போதும். அப்படி எழுதினால் மூன்று கடைகளின் பருப்பு விலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், தேட வேண்டியதில்லை.

எல்லாச் சாமானையும் எழுதத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் கொப்பி மூலைக்குப் போய்விடும். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேங்காய் எண்ணெய், பால்மா, டின் மீன், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய், சவர்க்காரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் காசு போவது பெரும்பாலும் இவற்றில்தான். உப்பிலும் தீப்பெட்டியிலும் மிச்சம் பிடிக்கப் போய் நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

கடைசிக் கோட்டில் எழுதும் கிலோ விலைதான் உயிர் நாடி, ஏனென்றால் ஒரே சாமானை ஒவ்வொரு கடையும் ஒவ்வோர் அளவில் விற்கிறது. இதற்குக் கணக்கு இயந்திரம் தேவையில்லை. 250 கிராம் என்றால் நான்கால் பெருக்கலாம். பால்மா 400 கிராம் என்றால் விலையை இரட்டித்து, அதோடு அந்த விலையில் பாதியைக் கூட்டலாம். 400 கிராம் பொதி 1,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் கிலோ 2,500 ரூபா. தேங்காய் எண்ணெயில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தோட்டப்பக்கத்தில் போத்தல் கணக்கில் விற்கிறார்கள், டவுனில் லீற்றர் கணக்கில், சில இடங்களில் கிலோ கணக்கில். போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். ஆகவே போத்தல் விலையை மூன்றால் பிரித்து நான்கால் பெருக்கினால் லீற்றர் விலை வந்துவிடும். போத்தல் 750 ரூபா என்றால் லீற்றர் 1,000 ரூபா. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் ஒரு லீற்றர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான் நிறுக்கும். எனவே கிலோ கணக்கில் விற்பவரின் விலையில் நூற்றுக்கு எட்டைக் கழித்துவிட்டுத்தான் லீற்றர் விலையோடு ஒப்பிட வேண்டும். டின் மீனில் 425 கிராம் பெரியது, 155 கிராம் சின்னது. பெரிய டின்னின் விலை சின்ன டின்னின் விலையைப் போல இரண்டே முக்கால் மடங்குக்குக் குறைவாக இருந்தால் பெரியதை வாங்குவது லாபம்.

பில்லைச் சேர்த்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுப்பர் மார்க்கெட்டில் தரும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்துப்போய் வெள்ளைக் கடதாசியாகிவிடும், அடுப்படிச் சூட்டில் இன்னும் சீக்கிரம் போய்விடும். வாங்கிய அன்று இரவே கொப்பியில் ஏற்றிவிட வேண்டும்.

எழுதிய விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பது சாமானைப் பொறுத்தது. பருப்பு, சீனி, கோதுமை, பால்மா எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வருபவை. டொலரும் வரியும் மாறும்போது எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாறும், ஆகவே மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். மரக்கறி அப்படியல்ல, காலையில் ஒரு விலை, சந்தை கலையும் நேரத்தில் ஒரு விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட காலத்தில் என் கொப்பி ஒரே வாரத்தில் பழைய பஞ்சாங்கம் ஆகிப்போனது. அந்த நாட்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே அர்த்தம் இருக்கவில்லை, கிடைத்த இடத்தில் வாங்கினோம்.

இனிப் பஸ் காசு. இதற்கென்றே ஒரு பயணம் போவதாக இருந்தால் அந்தச் செலவு முழுவதையும் சாமானின் தலையில் ஏற்ற வேண்டும். போய்வர 260 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அரிசி 20 கிலோவில் கிலோவுக்கு 8 ரூபா வீதம் 160, பருப்பு 3 கிலோவில் கிலோவுக்கு 30 வீதம் 90, சீனி 4 கிலோவில் கிலோவுக்கு 5 வீதம் 20, ஆக மொத்தம் 270 ரூபா மிச்சம். ஒரு நாள் முழுக்க அலைந்து, மூட்டை சுமந்து, கைக்கு வருவது 10 ரூபா. அம்மாவுக்குப் பதிலாக மருமகள் லீவு போட்டுவிட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம், போய்விடும். ஆகவே கிளினிக், வங்கி, கல்யாணம், கோயில் என்று எப்படியும் அட்டனுக்குப் போகிற நாளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, கெட்டுப்போகாத சாமானை மட்டும் அந்த நாளுக்கு ஒதுக்குங்கள். அந்தப் பயணத்துக்கான பஸ் காசு ஏற்கெனவே வேறு வேலைக்காகச் செலவாகிவிட்டது.


டிக்கோயா கடைக்காரர்:

கணக்கப்பிள்ளை ஐயா எழுதியதில் ஒரு கோடு குறைகிறது. பற்றா, கைக்காசா என்ற கோடு. அது இல்லாமல் தோட்டத்துக் கடையை டவுன் கடையோடு ஒப்பிடுவது எங்களுக்கும் நியாயமல்ல, வாங்குபவருக்கும் சரியான விடையைத் தராது.

நான் தோட்டங்களுக்கு நடுவில் சிறிய கடை வைத்திருக்கிறேன். டவுனில் மொத்தக் கடையில் எடுக்கிறேன், வான் கூலி கொடுக்கிறேன், சாமானைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்கிறேன். பத்து வீட்டில் ஒரு வீடு அந்த மாதம் தீர்க்காது. இவை எல்லாம் விலைக்குள் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. எனவே உங்கள் அம்மா தோட்டத்துக் கடைக்காரரிடம், கைக்காசு கொடுத்தால் இதே சாமான் எவ்வளவு என்று கேட்க வேண்டும். சில கடைகளில் இரண்டு விலையும் ஒன்றாகவே இருக்கும். அப்படியானால் பற்று இலவசம், அதை விட்டுவிட்டு அட்டனுக்கு ஓட வேண்டியதில்லை. சில கடைகளில் 300 ரூபா சாமான் பற்றுக்கு 312 ரூபாவாக இருக்கும். நூற்றுக்கு நான்கு என்பது சின்னதாகத் தெரியும், ஆனால் மாதம் 20,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கும் வீட்டில் அது 800 ரூபா. அந்த 800 ரூபா பருப்பில் கிடைக்கும் 90 ரூபாவைவிடப் பெரியது. தீபாவளி முற்பணம் போல மொத்தமாகக் காசு வருகிற ஒரு மாதத்தில் அரிசியையும் பால்மாவையும் மட்டுமாவது கைக்காசுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு அதே பழக்கத்தில் தொடர்ந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. பாதிப் பற்றிலிருந்து விடுபட்டாலே பேரம் பேச வாய் வரும். இதை ஒரு கடைக்காரனே எழுதுகிறேனே என்று யோசிக்க வேண்டாம். கைக்காசு வாடிக்கையாளர் எனக்கும் நல்லவர்தான்.

தொலைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டன் போன் பேசுவதற்குத்தானே இருக்கிறது. டவுன் கடையின் பெயர்ப் பலகையிலோ பில்லிலோ இலக்கம் இருக்கும். காலை பத்து மணிக்குப் பிறகும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கடையில் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் எடுத்து மூன்றே மூன்று சாமானின் விலையைக் கேளுங்கள், சொல்வார்கள். பன்னிரண்டு சாமானைக் கேட்டால் நேரில் வாருங்கள் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். சாமானின் பெயரோடு வகையையும் சொல்லிக் கேட்க வேண்டும். அரிசி என்ன விலை என்ற கேள்விக்கு விடையே இல்லை. நாட்டரிசியா, சம்பாவா, கீரிச்சம்பாவா, பச்சையரிசியா, மூட்டையா, உதிரியா என்று சொன்னால்தான் சரியான விலை கிடைக்கும்.

பொதி செய்த சாமானில் ஆகக்கூடிய சில்லறை விலை அச்சடித்திருக்கும். அதற்கு மேல் எவரும் விற்கக் கூடாது, அதற்குக் கீழே விற்கலாம். ஆகவே பிஸ்கட், சவர்க்காரம், பால்மா போன்றவற்றில் அச்சடித்த விலையைவிட எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டால் போதும்.


மவுசாகலை மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அம்மாவிடம் பேசினேன். சாமானுக்கு ஒரு பக்கம் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் இரண்டு விலை கேட்பதற்குத் தயங்குகிறார். 2022இல் கையில் காசு இல்லாத மாதங்களில் அந்தக் கடைக்காரர்தான் மாவும் பருப்பும் கொடுத்தார், அவரிடம் போய் விலை விசாரித்தால் கணக்குப் பார்ப்பதாக நினைப்பார் என்கிறார். இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நிறையைப் பற்றியும் ஒரு சந்தேகம். மூட்டையிலிருந்து அளந்து தருவது சரியான நிறைதானா என்று தெரியாமல் கிலோ விலையை மட்டும் எழுதிப் பயனுண்டா?


வெலிமடை ஆசிரியை:

அம்மாவின் தயக்கத்தை நான் குறைத்து மதிக்க மாட்டேன். கஷ்ட காலத்தில் கொடுத்த கையை மறக்காதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்பனையாளர் விலைப்பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டும் (பில்) கொடுக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்வது எவரையும் சந்தேகிப்பதாகாது. முறைப்பாடு செய்ய வேண்டிய நிலை வந்தால் 1977 என்ற இலக்கத்துக்குப் பட்டன் போனிலிருந்தே பேசலாம். ஆனால் உங்கள் அம்மா சொல்லும் கடைக்காரர் விடயத்தில் அதற்குத் தேவை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்கம் உச்ச விலை அறிவிக்கும் சாமான்களை கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். 2024 டிசம்பரில் உள்நாட்டு நாட்டரிசி கிலோ 230, சம்பா 240, கீரிச்சம்பா 260 ரூபா என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். இப்படி ஓர் எல்லை இருக்கும்போது ஒப்பிடுவது எளிது. எல்லை மாறினால் தமிழ்ச் செய்தியில் சொல்வார்கள், வானொலி கேட்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

நிறை விடயத்தில், வியாபாரத் தராசுகளை அளவீட்டு அலகுகள் நியமங்கள் சேவைகள் திணைக்களம் பரிசோதித்து முத்திரை இடுகிறது. அந்த முத்திரை தராசில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நிறை அச்சடிக்கப்பட்ட ஒரு கிலோ சீனிப் பொதியை ஏதாவது ஒரு கடையில் வாங்கி, மற்றொரு கடையில் அரிசி வாங்கும்போது அதையும் ஒரு தடவை தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே கேட்டால் எவரும் கோபிக்க மாட்டார்கள். நான் கேட்டிருக்கிறேன். பாணுக்கும் இது பொருந்தும். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, ஆனால் தோட்டப்பக்கத்துக்கு முச்சக்கர வண்டியில் வரும் பாணை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, இரண்டு கடையிலும் இருப்பது ஒரே சாமான்தானா என்பது. எங்கள் வெலிமடைக் கிழங்கு இறக்குமதிக் கிழங்கைவிட விலை கூடியது. அதனால் இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி நாட்டுக் கிழங்கென்று விற்பது அடிக்கடி செய்தியில் வரும் விடயம். ஒரு கடையில் கிழங்கு மலிவு என்று கொப்பியில் எழுதுவதற்கு முன், ஒன்றை எடுத்து விரலால் துடைத்துப் பாருங்கள். பூசிய மண் தூளாகக் கொட்டிவிடும், தோட்டத்தில் ஒட்டிய மண் கிழங்கின் கண் குழிகளுக்குள் இறுகியிருக்கும். பருப்பையும் உதிரியாக வாங்கினால் ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்க வேண்டும். தூசியும் உடைசலுமாக இருந்தால் கிலோவில் 20 ரூபா குறைவு என்பது குறைவே அல்ல. கொப்பியில் விலைக்குப் பக்கத்தில் நல்லது, சுமார் என்று ஒரு சொல் எழுதி வைத்தால் போதும்.

இன்னொன்று. ஒரே லயத்தில் ஆறு வீடுகள் இருந்தால் ஆறு பேரும் ஒரே கடையில் விலை பார்க்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று பெண்கள் ஆளுக்கொரு கடையைப் பிரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் துணி துவைக்கும்போது விலைகளைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு எழுதத் தெரியாது, ஆனால் மூன்று பேரிலும் ஞாபகசக்தி அவருக்குத்தான் அதிகம். அவர்கள் 25 கிலோ அரிசி மூட்டையை எடுத்து மூன்றாகப் பிரிப்பதும் உண்டு.


பண்டாரவளை:

சுப்பர் மார்க்கெட் பற்றி மட்டும் சொல்கிறேன். வார இறுதிப் பத்திரிகைகளில் வரும் விளம்பர விலைகளை அப்படியே கொப்பியில் எழுத வேண்டாம். அடியில் சின்ன எழுத்தில் இன்ன வங்கி அட்டைக்கு மட்டும், இன்ன கிழமை மட்டும் என்று இருக்கும். காசு கொடுத்து வாங்கும் அம்மாவுக்கு அது விலையே அல்ல. மறுபுறம், சில சுப்பர் மார்க்கெட்டுகளின் வாடிக்கையாளர் திட்டங்களில் சேர ஸ்மார்ட் போன் தேவையில்லை, கவுண்டரில் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னாலே போதும்.

தட்டில் ஒட்டியிருக்கும் விலையும் பில்லில் வரும் விலையும் எப்போதும் ஒன்றல்ல என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். டவுனில் ஒரு கடையில் தட்டில் இருந்த பழைய விலையை நம்பி நான்கு டின் மீன் எடுத்தேன். வீட்டுக்கு வந்துதான் வித்தியாசத்தைப் பார்த்தேன், திரும்பிப் போக பஸ் இல்லை. அன்றிலிருந்து எடுக்கும்போதே விலையைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு, கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பில்லோடு சரிபார்க்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். துணிப் பை ஒன்றையும் மறக்காமல் கொண்டு போகச் சொல்லுங்கள். 2025 நவம்பரிலிருந்து பொலித்தீன் பைக்கும் காசு.


மவுசாகலை மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அம்மா பன்னிரண்டு பக்கம் பிரித்தார், இதுவரை ஐந்து பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தது. போத்தல் விலையை மூன்றால் பிரித்து நான்கால் பெருக்கிப் பார்த்தபோது, தோட்டத்துக் கடை எண்ணெய் மஸ்கெலியா டவுன் விலையைவிடக் குறைவு. இத்தனை வருடமும் டவுனில்தான் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம்.

பருப்பு அட்டனில் உண்மையிலேயே மலிவு, ஆனால் வீட்டில் மாதம் மூன்று கிலோ மட்டுமே போகிறது. எனவே அம்மாவின் கிளினிக் நாளில் மட்டும் அங்கே வாங்குவது, அதுவும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டு விலை விடயத்தை அம்மா தன் வழியில் தீர்த்துக்கொண்டார். இந்த மாதம் தம்பி அரிசிக்கு மட்டும் கைக்காசு கொண்டுவந்து கொடுப்பான், என்ன போடுவீர்கள் என்று கடைக்காரரிடமே கேட்டிருக்கிறார். அவர் கிலோவுக்கு ஐந்து ரூபா குறைத்தாராம். கூடவே, பால்மாவையும் கைக்காசுக்கு எடுத்தால் அதையும் பார்க்கலாம் என்றாராம். பால்மாப் பக்கத்தில் இன்னும் ஒரு கடையின் விலைதான் இருக்கிறது, மற்ற இரண்டையும் எழுதிவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.